மழைக்கு ரெண்டு தீர்ப்பு

2008 ஜூன் 7, சனி. விடாத மழை.

உலக மக்களுக்கோர் அறிவிப்பு. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இன்று முற்பகல் பூப்போட்ட சட்டை அணிவிக்கப்பட்டது. தைத்தவர் ஆபீஸ் கிளார்க், அதாவது என் அக்கா. முன்னிலை வகித்தவர் நான். விருந்து: வெறும் டீ.

உள்ளுக்குள்ள புது புரோகிராம். 'காலையில் மழை என்றால் பால் வெட்டு இல்லை', 'மழை விட்டு மரம் காய்ந்தால் பிந்தி வெட்டு'. இப்படி மேனேஜர் துரை சொன்ன ரூல் எல்லாத்தையும் அக்கா டைப் பண்ணணும். அப்புறம் தினமும் வெட்டா, வெட்டு இல்லையான்னு அதுவே தீர்ப்பு சொல்லும். ரெண்டு ரூல் மோதிக்கிட்டா சிவப்பு விழும். எந்த ரெண்டுன்னு சொல்லாது. எங்க வரிசை வீட்டு லயத்துப் பெருசுங்க மாதிரியே. சண்டைன்னு சொல்வாங்க, யார் யாருக்குன்னு சொல்ல மாட்டாங்க.

புதன்கிழமை கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் ஒருத்தர் இதைப் பாக்க வராராம். புரோகிராம் ஓடினா அக்காவுக்கு வேலை நிரந்தரம். ஓடாட்டி கேகாலையிலிருந்து வேற ஆள்.

அக்கா டீ போடப் போன நேரம் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன். துரை ஜீப் சத்தம். பின்கதவு. ஓட்டம்.

வழியில, ஆளுங்களை வேலை மேய்க்கிற கங்காணி. "இன்னொரு தடவ என் கூரைல பந்து விழட்டும், பேட்டை அடுப்புல வைக்கிறேன்." பேட் ஏற்கனவே அவர் வீட்லதான். வயித்தெரிச்சல்.

9, திங்கள். தூறல்.

சிவப்பு! மழை நாளுக்கு மெஷின் 'வெட்டு'ங்குது, 'வெட்டாதே'ங்குது, ரெண்டும் ஒரே வாயால. அக்கா சோறு தொடல. "துரை சொன்னதிலயே பிழைன்னு எப்படிடா போய்ச் சொல்றது?"

நான் இருக்கேன்ல. துரைமாருக்கே ரூல் திருத்தப் போற தமிழன். சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

சோப்பு வாங்க மறந்தாச்சு.

10, செவ்வாய். வெயில்!

ஸ்கூல் விட்டு நேரே ஆபீஸ். ஒவ்வொரு ரூலா மூடி வச்சு 'சரிபார்' பட்டன். சிவப்பு. சிவப்பு. அக்கா நகத்தைத் தின்னுட்டிருந்தா. அப்புறம் ஒண்ணை மூடினேன், பச்சை!! உடனே அழிச்சுட்டேன்.

"எந்த ரூல்டா?"

"தொழில் ரகசியம்."

துரை என்னைப் பார்த்து, "ஷோக் மல்லி!" சிங்களத்துல 'பிரமாதம் தம்பி'. தலை இப்போ லயத்துக் கதவுல நுழையாது.

11, புதன். திரும்ப மழை.

பெரியவர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார். அக்கா நிரந்தரம்! அம்மா பால் வாளியைப் போட்டுட்டு அழுதா. நல்ல அழுகை.

அக்கா புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போய் முஸ்லிம் நானா கடையில மீன் ரோல்ஸ் வாங்கிட்டு வந்தா. ஒண்ணைத் தனியா சுத்தி என் கைல குடுத்தா. "கங்காணிக்குக் குடுத்துட்டு வா."

"அவருக்கு ஏன்?"

"பாவம்டா, மழையில தனியா மலை பூரா வெட்ட இருந்த மனுஷன். அழிச்ச ரூல் எல்லாம் மெஷின்ல வேற இடத்துல கிடக்கும் தம்பி, உனக்குத் தெரியாதா?"

சரி. நான்தான். சனிக்கிழமை தட்டினது: 'மழை என்றால் கங்காணி மட்டும் எல்லா மரத்தையும் வெட்ட வேண்டும்.' ஜீப் வந்த பதட்டத்துல அழிக்காம ஓடிட்டேன். துரை ரூல்ல ஒரு பிழையும் இல்ல. அக்காவைப் பட்டினி போட்டதும் நான், காப்பாத்தினதும் நான்.

ரோல்ஸ் கொண்டு போனேன். கங்காணி தின்னுட்டு, "நல்ல பிள்ளை"ன்னு பேட்டைத் திருப்பித் தந்துட்டார்.

விளையாடப் போக வெட்கமா இருக்கு.