ப்ரூக்கரின் தொப்பிகள்

செவன் கிங்ஸ், லண்டன்
12 ஜூன் 2025

அன்புள்ள மகள் ஷோபாவுக்கு,

எட்டு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, சோதனை நேரம் ஏன் பேசாம நிக்கிறியள்? பிள்ளையள் பிழையா எழுதினா சொல்லிக் குடுக்கலாம்தானே?" சொல்லிக் கொடுக்கிற காலம் நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன். அந்தப் பதிலை நானே மறந்துபோனேன்.

வாட்ஸ்அப்பில் என்னை மியூட் செய்துவிட்டாய். கடிதத்தை மியூட் செய்ய முடியாதே!

ஞாயிறு நடந்தது என் பிழைதான். நீ பயிற்றுவிக்கும் அமெரிக்கக் கால்பந்தில் எனக்குப் பாதி விதிகூடத் தெரியாது. இருந்தும், "ஹம்சினி, இடப்பக்கம் ஓடு!" என்று கத்தினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வருடம் என்னிடம் படித்தவள் அவள். மாஸ்டர் குரல் கேட்டதும் நீ சொன்ன வலப்பக்கத்தை விட்டுப் பந்தோடு இடப்பக்கம் ஓடினாள். அங்கே மூன்று பேர் காத்திருந்து விழுத்தினார்கள். ஆட்டம் போயிற்று. இனி மைதானத்துக்கு வரக்கூடாது என்றாய். நியாயம்.

உன் ஆட்டத்தைப் படிப்போம் என்று நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் எடுத்தேன். ஏமஸ் ப்ரூக்கர் என்றொருவர். 1890களில் ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரி. காலையில் கணக்குப் பாடம், மாலையில் பந்து. முதல் வருடம் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆனாலும் இருபத்தாறு வருடம் அங்கேயே நின்றார். அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்றுநர் வெளியிலிருந்து வாயே திறக்கக்கூடாதாம். திறந்தால் அணிக்குத் தண்டனை. பாவம், வாயை அடக்கத் தொப்பியைக் கழற்றித் திருகுவாராம். பத்தொன்பது தொப்பிகள் பிய்ந்தனவாம். ஓய்வு பெற்ற அன்று பழைய மாணவர்கள் ஆளுக்கொரு தொப்பியோடு வந்து நின்றார்களாம்.

தோற்றும் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். நானும் ஒரு தொப்பியோடு வரலாமா?

அன்புடன்,
அப்பா

*

விம்பிள்டன்
19 ஜூன்

அன்பு அப்பா,

முதலில் ஒன்று: இந்தக் கடிதத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பக்கூடாது.

உங்கள் கடிதத்தை ஹம்சினிக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "மாஸ்டர் கத்தினா கால் தன்பாட்டில ஓடுது அக்கா, நான் என்ன செய்ய? ஆனா வரட்டும். மட்டன் ரோல்ஸ் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றாள்.

29ஆம் திகதி வாருங்கள். கைதட்டலாம். ஒரு சொல் வந்தாலும் செவன் கிங்ஸ் போகிற அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவேன்.

ஷோபா

*

விம்பிள்டன்
30 ஜூன்

அப்பா,

கோப்பையை மேசையில் வைத்துப் பார்த்தபடி எழுதுகிறேன்.

கடைசி நிமிடம். நான் வலப்பக்கம், வலப்பக்கம் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஹம்சினி திரும்பி உங்களைப் பார்த்தாள்! பிறகு பந்தோடு இடப்பக்கம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி வென்று தந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லுங்கள். ஜாடை காட்டினீர்களா?

ஷோபா

*

செவன் கிங்ஸ்
3 ஜூலை

அன்புள்ள பிள்ளைக்கு,

சத்தியமாக இல்லை. நானும் வலப்பக்கம் என்றுதான் நினைத்தேன். அவள் பார்த்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ரோல்ஸ் சாப்பிடும்போது அவளிடமே கேட்டேன். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை மாஸ்டர். அக்கா கத்தினது சனத்தின்ர சத்தத்தில கேக்கேல்லை. இடப்பக்கம் ஆளில்லாததைக் கண்டன், ஓடினன்" என்றாள். வாயில் ரோல்ஸோடு எவ்வளவு எளிதாகச் சொன்னாள்!

நாம் இருவரும் பிழை, பிள்ளை. நீ நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் அவளுக்கு நாம் தேவைப்படவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதும் நீ வாய் மூடவில்லை. இது எங்கள் வீட்டு வியாதி, என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

ஈஸ்ட் ஹாமில் இரண்டு தொப்பிகள் வாங்கினேன். ஒன்று பிய்ந்துவிட்டது. மற்றது இத்துடன் வருகிறது. அடுத்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் இதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் நின்று பார்.

அப்பா