சவ வாசல்

டானர்ஸ் லேன், சஃபோக்
9 பிப்ரவரி 1956

அன்புள்ள தம்பி ரோலண்டுக்கு,

கனடாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கிருந்து எழுத நல்ல செய்தி இல்லை.

செவ்வாயன்று அப்பா மாடி அறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இந்தக் குளிரில் நெஞ்சிலும் சளி கட்டியிருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் பெல்லமி சொல்லிவிட்டார்.

நம் வீட்டு மாடிப்படி உனக்குத் தெரியும். புகைபோக்கியைச் சுற்றி வளைந்து இறங்கும் அந்தப் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் உட்காரவைக்க இடுப்பு விடவில்லை. ஜன்னலைப் பெயர்க்கலாமா என்று தச்சர் காட்போல்டைக் கேட்டேன். ஓக் சட்டத்தை அறுத்தால், தெருவுக்கு மேல் துருத்தி நிற்கும் மாடியே சரிந்துவிடும் என்றார். மிச்சம் இருப்பது சவ வாசல்தான். அம்மாவின் சவப்பெட்டியைக் கயிறு கட்டி நாம் கீழே இறக்கினோமே, மாடித் தரையிலுள்ள அதே பலகைக் கதவு. காட்போல்ட் ஆணிகளைப் பிடுங்கித் திறந்தும் வைத்துவிட்டார்.

அப்பா சம்மதிக்கவில்லை. "அந்த வழியா எறங்குனவன் எவனாவது திரும்பி ஏறி வந்திருக்கானா?" என்று கேட்டார். ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், "பெரியவரே, பொணத்தத்தான் கால்பக்கமா எறக்குவாங்க, உங்கள நாங்க தலப்பக்கமா எறக்குறோம், அப்பச் சரிதானே?" என்று சிரித்துப் பேசிப் பார்த்தார். "எந்தப் பக்கமா எறக்குனா என்னய்யா, கீழ வந்து நிக்கப்போறது அதே பாதிரியார்தானே" என்றார் அப்பா. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றப்போனபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, "எட்னா, உயிரோட என்ன அது வழியா எறக்க விட்டுறாதம்மா" என்றார். விடமாட்டேன் என்று சொன்னேன்.

நாளைக் காலை டாக்டர் மயக்க ஊசியோடு வருகிறார். தூங்கும்போதே இறக்கிவிடலாம் என்றார். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். நெஞ்சு இருக்கும் நிலைமையில் ஊசிக்கே மூச்சு நின்றுபோகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கண் விழித்தால் திட்டித் தீர்ப்பார். முடிவு உன்னுடையது, தந்தி அடித்துச் சொன்னாய் என்று சொல்லப்போகிறேன். என்னை மன்னிக்க மாட்டார். உன்னை மன்னிப்பார், எப்போதும் அப்படித்தான். அவர் உன்னைக் கேட்டு எழுதினால், நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்துவிடாதே.

எவ்வளவு வசவோடு வந்தாலும் சரி, அப்படி ஒரு கடிதம் உனக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்.

உன் அக்கா,
எட்னா