பத்தாவது விரல்

ஜூன் 3
மத்தியானம் ஒட்டரிசிச் சோறு, பொரித்த மீன். வயிறு முட்டத் தின்றுவிட்டு தூண்கள்மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில் தூளியில் படுத்தேன். மறுபடி அதே கனவு. நடவு வயலில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. சிவப்புப் பாவாடைக்காரி ஒருத்தி கால் நனையாமல் வருகிறாள்.

விழித்தால் பெண்டாட்டி துவாங்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "மூச்சே இல்லய்யா உனக்கு! கொர்ருனு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமேயில்ல. கத்துறதுக்குள்ள நீயா முழிச்சிட்ட!"

தம்பி சொம்கிட்டும் இப்படித்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை முடிந்து படுத்தான். அவன் முழிக்கவில்லை.

ஜூன் 4
கனவில் வருகிறவள் கைம்பெண் பேய்தானாம், தூக்கத்தில் ஆம்பளைகளாகப் பார்த்துக் கூட்டிப்போகிறாளாம். பெண்டாட்டி என் பத்து விரலுக்கும் சிவப்பு நகப்பூச்சு பூசிவிட்டாள். "பொம்பளைன்னு நெனச்சுப் போயிடுவா."

"இந்த மீசையப் பாத்துமா?" என்றேன்.

மீசையும் போயிற்று. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 11
கோன் கேன் நகரத்துக்கு வந்து ஆஸ்பத்திரி. நர்ஸ் விரலில் நாடி பார்க்கிற கிளிப் மாட்டினாள், எண் வரவில்லை. பூச்சைத் துடைக்கணுமாம். "இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பா?" என்று துவாங்தா எகிறினாள். கடைசியில் ஒரே ஒரு விரலைத் துடைத்தார்கள். மார்பில் சின்னப் பெட்டி ஒட்டி ரெண்டு நாள் படுக்கை.

ஜூன் 13
டாக்டரம்மா நீளத் தாளைக் காட்டினார். நேற்று மத்தியானத் தூக்கத்தில் பதினாலு விநாடி என் இதயம் துடிக்கவில்லை, வெறுமனே நடுங்கியிருக்கிறது. தானாக வந்து தானாக நின்றிருக்கிறது.

"தானா நின்னுடுதுல்ல? அப்புறமென்ன?"

"நிக்காத அன்னைக்கு யாருக்குண்ணே போன் பண்ணுவீங்க?"

நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கணுமாம். யோசிக்கிறேன் என்றேன். பயமில்லை. பொய், பயம்தான். இன்னொன்றும் இருக்கிறது, துவாங்தாவிடம் சொல்ல முடியாதது. அந்த வயல் அவ்வளவு இதம். சொம்கிட் அங்கேதான் இருப்பானோ?

ஜூன் 14
"மூச்சு நின்னப்போ சிரிச்சய்யா நீ. அங்க யாரு இருக்கா? அப்ப நான் யாரு?" என்று கேட்டாள் துவாங்தா.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூலை 2
கருவி வைத்தாயிற்று. தோள் கடுக்கிறது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கிளிப் மாட்ட வேண்டுமென்று அந்த ஒரு விரலை அப்படியே விட்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 9
இன்று கனவில் சிவப்புப் பாவாடைக்காரி பக்கத்திலேயே வந்துவிட்டாள். என் கையைத் தூக்கி நகம் நகமாகப் பார்த்தாள். "அட, பொம்பளையா?" என்று திரும்பினாள். திரும்பினவள் அந்த வெறும் விரலைப் பார்த்துவிட்டாள். பிடித்தாள். குளிர்ச்சி. நானும் எழுந்து கூடவே நடந்தேன், வயலில் என் காலும் நனையவில்லை.

எருமை நெஞ்சில் உதைத்த மாதிரி ஓர் உதை. தூளியிலிருந்து தரையில் விழுந்து கிடந்தேன்.

ஆகஸ்ட் 11
டாக்டரம்மா கருவியில் பதிந்ததைப் படித்தார். ஜூலையில் ரெண்டு தடவை அந்த நடுக்கம் வந்து தானாக நின்றதாம். "ஒன்பதாம் தேதி நிக்கலண்ணே. இதுதான் ஷாக் குடுத்து நிறுத்துச்சு."

துவாங்தா அழவில்லை. என் சட்டைப் பித்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நகப்பூச்சுப் புட்டியைத் தேடி எடுத்தேன்.

"அதான் கருவி இருக்கே?" என்றாள்.

"இருக்கட்டும்" என்று அந்த விரலை நீட்டினேன்.