தோளில் நீ தட்டிய எண்ணிக்கை

இன்று காலை பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் என் செல்போன் ஊமையாகிவிட்டது. கையில் உயிரோடு இருக்கிறது, அதிர்கிறது, சூடாகிறது. வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. பேச்சைத் திரும்பக் கொண்டுவர எங்கோ ஓரிடத்தில் தொட வேண்டும். அந்த இடம் எது என்பதை அதுவே பேசிச் சொன்னால்தான் எனக்குத் தெரியும். கண் தெரியாத நம் இருவருக்கும் இந்தப் பூட்டு பழகியதுதான். முன்பெல்லாம் இப்படி மாட்டிக்கொண்டால் உன்னைக் கூப்பிடுவேன். இன்று கூப்பிட போனும் இல்லை, நீயும் இல்லை. காப்பிக்கடை ஓரமாக அரைமணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வண்ணார்பேட்டை அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். சுவிட்ச்போர்டை எடுத்துவிட்டு, தானாகவே இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வைக்கப்போவதாகச் சேதி வந்தது. அதிகாரி நல்ல மனிதர். “கம்ப்யூட்டர்ல லெட்டர் அடிச்சுக் காட்டினா இங்கனயே இரும். இல்லன்னா ஸ்ரீவைகுண்டம் கிளைக்குப் போயிரும். அங்க வேலை ஒண்ணும் கெடையாது, சும்மா உக்காந்திருக்கலாம்” என்று ஆறுதலாகவே சொன்னார். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஓய்வு பெறும்வரை ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டே கிழவனாவதா?

உனக்குச் சொல்லி அனுப்பினேன். பள்ளி விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரன் நீ. உவரியில் பிறந்தவன், அப்போது பாளையங்கோட்டையில் பிரம்பு நாற்காலி பின்னும் பட்டறையில் இருந்தாய். நம் கூட்டத்தில் மதுரைக்குப் போய் மூன்று மாதம் கணினி படித்துவிட்டு வந்தவன் நீ ஒருவன்தான். படித்துவிட்டு வந்தும் உனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பட்டறையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய்.

அலுவலகக் கணினிக்குக் குரல் கிடையாது. கடைக்காரர் ஒருவர் வந்து சவுண்ட் கார்டைச் செருகிவிட்டு, “இனிமே ஸ்கிரீன்ல வர்றதுக்கெல்லாம் ஓகே குடுங்க, அம்புட்டுதான்” என்று சொல்லிப் போய்விட்டார். நம்மிடம்! நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டைக் கணினிக்கு அறிமுகப்படுத்தி வைக்காமல் குரல் வராது; குரல் வராமல் நாம் எதையும் அறிமுகப்படுத்த முடியாது. கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிடலாம் என்றால் நான் சம்மதிக்கவில்லை. இதற்கே ஆள் தேவை என்று அதிகாரி காதுக்குப் போனால் என் கதை முடிந்தது.

மதுரையில் செய்ததையெல்லாம் நீ மனப்பாடமாக வைத்திருந்தாய். கீழ் அம்பு நான்கு, டேப் இரண்டு, என்டர், பத்து எண்ணும்வரை பொறு, டேப் ஒன்று. இப்படி நாற்பது படிகள். நடுவில் ஒன்று தவறினாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த விசை என்பது எனக்கு நினைவிருக்கும், எத்தனை தடவை என்பதில்தான் தடுமாறுவேன். அதனால் நீ என் பின்னால் நின்று, தோளில் கை வைத்து, விரலால் தட்டிக்கொண்டே வந்தாய். நான்கு தட்டு என்றால் நான்கு தடவை. “பைய அமுக்குலே. மிசின் எங்கனயும் ஓடிப் போயிராது” என்பாய். மூன்று நாள் அந்த அறையில் மின்விசிறிச் சத்தமும் என் வியர்வையும்தான். நான்காம் நாள் மத்தியானம் பெட்டி வாய் திறந்தது. அது சொன்ன முதல் வார்த்தை “கேன்சல்”. நீ என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய்.

சோதனை நாளன்று அதிகாரி வந்ததும், “என்னவே, மிசினே ஓடலையே?” என்றார். ஸ்பீக்கருக்குப் பிளக் போதவில்லை என்று மானிட்டரின் வயரை என்றைக்கோ பிடுங்கிப் போட்டிருந்தோம். நமக்கு அந்த நினைப்பே இல்லை. “ஓடுது சார், திரைதான் இல்ல” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, எனக்குக் காகிதம் வந்தாப் போதும்” என்று, அன்று காலைதான் கொண்டுவந்து மாட்டிய பிரிண்டரைக் காட்டச் சொன்னார்.

கடிதம் ஒன்றைச் சொன்னார், அடித்தேன். குரல் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியதும் குரல் பாதி வார்த்தையில் நின்றது. பிரிண்டரும் சவுண்ட் கார்டும் கணினிக்குள் ஒரே இணைப்பு எண்ணுக்குச் சண்டை போட்டிருக்கின்றன என்று பிற்பாடு நீ கண்டுபிடித்தாய். கார்டைக் கழற்றி, அந்த எண்ணை மாற்றுவதற்கென்று அதிலிருந்த குட்டி மூடியை நகத்தால் நெம்பி இடம் மாற்றி வைத்தாய். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டு, “நல்லாருக்கு. மூணாவது வரில தேதிய மட்டும் மாத்தி இன்னொண்ணு எடும்” என்றார்.

குரல் இல்லை, திரை இல்லை. உன் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. கடிதத்தின் தலைக்குப் போனேன். இரண்டு தட்டு, இரண்டு வரி இறங்கினேன். ஐந்து தட்டு, ஐந்து சொல் நகர்ந்து, தேதியை அழித்து மாற்றி அடித்தேன். நான் அடித்த கடிதம் முழுவதும் உன் தலைக்குள் இருந்திருக்கிறது. இரண்டாவது காகிதம் வந்தது. அதிகாரி படித்தார். சரியாக இருந்தது.

“ஒமக்கு இதெல்லாம் யாருவே சொல்லிக் குடுத்தா? மத்த கிளைக்கும் ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் கேக்கேன்.”

ஒருசாண் தூரத்தில் நிற்கிறாய். உன் கை இன்னும் என் தோளில் இருக்கிறது. உன் பெயரைச் சொன்னால், இவனால் தனியாக முடியாது என்று என்னை ஸ்ரீவைகுண்டத்துக்கு அனுப்பிவிட்டு உன்னை வைத்துக்கொள்வார்களோ என்று ஒரு பயம். “நானாத்தான் படிச்சேன் சார்” என்றேன். “இவரு?” “தொணைக்கு வந்திருக்காரு.”

நீ கையை எடுக்கவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, “வேல நெலச்சுட்டுல்லா லே, அது போதும்” என்றாய். அதற்குப் பதிலாக நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

எல்லாக் கிளைகளுக்கும் கணினி பார்க்கிறவன் நானாகிவிட்டேன். உனக்கு வந்திருக்க வேண்டிய வேலை. எங்கே குரல் நின்றாலும், யாருக்கும் தெரியாமல் உன் பட்டறைக்குப் போன் போடுவேன். “எங்கன நிக்கே?” என்று மட்டும் கேட்பாய், அங்கிருந்து எண்ணிக்கை சொல்லுவாய். பின்னால் பிரம்பு இழுக்கும் சத்தம் கேட்கும். ஒருநாளாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

போன மாதம் உவரிக்கு உன் துக்கத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, நீங்கதானே இவியளுக்குக் கம்ப்யூட்டர் படிச்சுக் குடுத்தது? ‘அவன மாதிரி ஆளு கெடையாது, எனக்கு எல்லாம் அவன் சொல்லித் தந்ததுதான்’னு பிள்ளைகிட்ட எல்லாம் சொல்லுவாவ” என்றாள்.

என் பொய்யை நீ உன் வீட்டிலும் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாய். இல்லை என்று சொன்னால், அன்றுதான் புதைத்துவிட்டு வந்த உன்னை உன் பிள்ளைகள் முன்னால் பொய்யனாக்க வேண்டும். “ஆமாம்மா” என்றேன். அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். இனி இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.