மேனேஜரின் சம்பளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமாக என்று சேர்த்து எழுதப் போனேன், உன்னிடம் எதற்குப் பொய் என்று விட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த வார்த்தைக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிற அப்பாவுக்கு இப்போது கடிதம் எழுதுகிற பைத்தியம் ஏன் பிடித்தது என்று நினைப்பாய். நம் வீட்டில் ஃபோன் உன் தம்பியின் மடியில்தான் குடியிருக்கிறது. எனக்கு வரும் செய்தியையும் அவன்தான் படித்துச் சொல்கிறான், நான் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் புகுந்து அவன் பேசுகிறான். இரண்டு அறை வீட்டில் ரகசியத்துக்கு இடமேது. அதனால் கடையின் பின்பக்கம், சாப்பாட்டு நேரத்தில், சோப்புப் பெட்டிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெட்டியைத் திட்டு.

அம்மாவுக்குத் தோள்பட்டை வலி குறையவில்லை. உன்னிடம் எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்வாள், நம்பாதே. காலையில் உன் தம்பியைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிய பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கேட்டால் காற்று வாங்குறேன் என்கிறாள். அவன் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாளே, அவளை நிறுத்திவிட்டோம். நல்ல பெண்தான், வண்டிச் செலவே கட்டுப்படியாகவில்லை என்று வருத்தப்பட்டுத்தான் கூலியை ஏற்றினாள். இப்போது அவள் செய்ததை நினைவில் வைத்துக்கொண்டு அம்மாவே செய்துவிடுகிறாள். அம்மா, இது காலு, சப்பாத்தி மாவு இல்ல என்று அவன் கத்துவான், அவள் சிரிப்பாள், இரண்டு பேருக்கும் வலிக்கும்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், விலை ஒட்டுவது. முன்பெல்லாம் பழைய விலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவோம். இப்போது சுரண்ட நேரமில்லை, அதன்மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டார்கள். சில பாக்கெட்டில் விரலால் தடவினால் மேடு தட்டுகிறது. போன மாதம் பெரியவர்கள் கட்டும் டயாப்பர் பாக்கெட்டுக்கு ஒட்டினேன், உன் தம்பி கட்டுகிற அதே பாக்கெட். என் கையாலேயே ஏற்றிவிட்டு, சாயங்காலம் வரிசையில் நின்று நானே அதை வாங்கிக்கொண்டு போனேன். கல்லாவில் இருக்கும் பெண், என்னங்கய்யா, ஒட்டும்போது கொஞ்சம் குறைச்சு ஒட்டியிருக்கலாமே என்று கேலி செய்தாள். அந்த ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் சோதித்துவிட்டு, இவர் ஏன் தண்ணியே குடிக்கிறதில்லை என்று எங்களைக் கேட்டார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு டயாப்பர் மிச்சமாகும் என்று தானாகவே கணக்குப் போட்டிருக்கிறான் அம்மாடி. எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. இப்போது அம்மா அவன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு டம்ளரும் காலியாகும்வரை நகர்வதில்லை. பயப்படாதே, காய்ச்சல் விட்டுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. ஊனமுற்றவர்களின் உதவித்தொகையை விலைவாசி ஏற ஏற வருஷா வருஷம் தானாக ஏற்ற வேண்டுமா, வேண்டாமா என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். உன் தம்பி போயே தீருவேன் என்று நின்றான். சம்பள நாளில் போடும் வெள்ளைச் சட்டையை அம்மாவை இஸ்திரி போட வைத்தான். கூட்டம் நடந்த கட்டடத்துக்கு முன்பக்கம் முழுக்கப் படி, சரிவுப் பாதை பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனபோது, பாருங்கப்பா, மேனேஜருக்குத் தனி வாசல் என்றான். நம் மாடி வீட்டு ரிட்டயரான பேங்க்காரரும் வந்திருந்தார். அவர் எழுந்து, பாவம்தான், யார் இல்லைன்னது, ஆனா வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போனா வரி கட்டுறவன் தலையிலதானே விடியும் என்றார். அவர் கெட்டவரில்லை, லிஃப்ட் நின்றுபோனால் அவனைத் தூக்க முதலில் வருகிறவர் அவர்தான். அவர் கேட்டதும் நியாயம்தான், எங்கிருந்தாவது பணம் வர வேண்டும் இல்லையா. உன் தம்பி மைக்கைக் கேட்டு வாங்கினான். அங்கிள், உங்க பென்ஷன் விலைவாசியோட ஏறுதே, அப்போ யார் தலையில விடிஞ்சுதுன்னு கேட்டீங்களா என்றான். அவரே சிரித்துவிட்டார். பிறகு மேடையில் இருந்த அதிகாரிகளைப் பார்த்துச் சொன்னான், ஏத்தச் சொல்லலீங்க, குறைக்காதீங்கன்னுதான் சொல்றேன், தொகை அதேதான் வருது, வாங்குற பொருள்தான் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போகுது, எங்கப்பாவே கடையில விலை ஒட்டுறாரு, அவரைக் கேளுங்க, எல்லாருக்கும் சம்பளம் ஏறுது, என் சம்பளம் மட்டும் ஏன் ஏறலைன்னு கேக்குறேன் என்று. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் அழுதுவிட்டேன், கர்சீப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை, அந்தக் கூட்டத்து நோட்டீஸால் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பளம் என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. முதன்முதலில் தொகை வந்த அன்று, இது பிச்சையாப்பா என்று கேட்டான், யாரிடம் கேட்டுப் பிடித்தானோ. நீதான் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல், போடா லூசு, நாள் பூரா நாற்காலியில உக்காந்து எல்லாரையும் வேலை வாங்குற, மேனேஜர்டா நீ, இது உன் சம்பளம் என்றாய். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு வேறு பெயரே கிடையாது. உதவித்தொகை என்றால் எனக்கே யாருடையதோ போல இருக்கும்.

கூட்டத்தில் ஒருவர் எல்லோர் பேச்சையும் பேரோடு எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பணம் வரவில்லை. பேங்கில் கேட்டேன், ஆபீசைக் கேளுங்கள் என்றார்கள். ஆபீசில் இந்த ஜன்னல் அந்த ஜன்னல் என்று அலைக்கழித்து, கடைசியில் ஒரு குமாஸ்தா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உங்க பையனே சம்பளம் வாங்குறேன்னு பொதுக்கூட்டத்துல சொல்லியிருக்காருங்க, வேலையில இருக்கிறவருக்கு எப்படிக் கொடுக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பதா அந்த ஜன்னலை உடைப்பதா என்று தெரியவில்லை. ஐயா, அது வீட்டுல விளையாட்டாச் சொல்றது, அவன் அக்கா வெச்ச பேரு என்றேன். நீங்க சொன்னா ஆகாதுங்க, அவரே நேர்ல வந்து சொல்லணும் என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். விசாரித்த அம்மாள் நல்லவர், உன் தம்பியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், தண்ணீர் கொடுத்தார், கதவைச் சாத்தினார். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். நீங்க எங்கேயாவது வேலை பார்க்கிறீங்களா என்று கேட்டார். இல்லை என்றான். சம்பளம் வாங்குறீங்களா என்றார். நான் வாயைத் திறந்தேன், அப்பா நீங்க இருங்க, அவரே சொல்லட்டும் என்றுவிட்டார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, சம்பளம் எனக்குக் கிடையாதுங்க, எப்பவும் இருந்ததில்ல, நீங்க கொடுக்கிறது உதவித்தொகை என்றான். அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு வந்தவர் கையை எடுத்துவிட்டு, இப்படியே பதிஞ்சிடட்டுமா என்று கேட்டார். பதிஞ்சிடுங்க என்றான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி, மடிச்சு மேல வைம்மா, இனிமே அடிக்கடி வேண்டாம் என்றான்.

பணம் திரும்ப வந்துவிட்டது, விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்தே வந்தது, அதனால் வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. தொகை அதேதான். கூட்டத்தில் கேட்டதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறதாம், அந்தப் பரிசீலனை எந்த வேகத்தில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேங்க்காரர் மட்டும் வழியில் பார்க்கும்போதெல்லாம் முடிவு வந்துச்சா என்று கேட்கிறார், அவருக்கும் மனசு உறுத்துகிறது போலிருக்கிறது. வழக்கமாகப் பணம் வந்த அன்று உன் தம்பி என்ன செய்வான், தெரியுமில்லையா, சம்பள பார்ட்டி என்று என்னைக் கிரீம் பிஸ்கெட் வாங்கிவர அனுப்பி, எனக்கும் அம்மாவுக்கும் அவன் கையால் எடுத்துக் கொடுப்பான், ஆளுக்கு ரெண்டு, கம்பெனி நிலவரம் சரியில்ல என்பான். இந்தத் தடவை ஃபோனைப் பார்த்துவிட்டு, அப்பா, உதவி வந்திருக்கு என்றான். நானாகவே பிஸ்கெட் வாங்கி வந்தேன். பசிக்கலைப்பா என்றுவிட்டான். பாக்கெட் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, உனக்கும் வாடகை, குழந்தை பள்ளிக்கூடம் என்று இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் ஓடும், எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்க விடு. குட்டிக்கு எங்கள் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கேட்காமலே எல்லாம் கிடைக்கிறவர்களாக இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அடுத்த மாதம் முதல் வாரம் பேசும்போது, வழக்கம்போல எடுத்த எடுப்பில், மேனேஜர் சார், சம்பளம் வந்துடுச்சா, எனக்கு என்ன வாங்கித் தரப்போறீங்க என்று கேட்டுவிடாதே. தண்ணி குடிச்சியாடா என்று கேள்.

உன் அப்பா