சமையலறையில் எரிவதை எண்ணியது

மே 14, சாந்தியாகோ

இன்று வரைபடத்தில் என் கோடு ஒழுங்காகக் கீழே இறங்கியது. நாட்டின் தென்கோடி நகரங்களின் விறகுப்புகை, இன்றிலிருந்து 2050 வரை. குளிர்காய வீட்டுக்கு ஒரு மின்கணப்பைக் கொடுத்து, பழைய விறகுக் கணப்பை அரசு வாங்கிக்கொண்டால் கரும்புகை எவ்வளவு குறையும், பனியாறுகள்மேல் எவ்வளவு படியாமல் போகும் — கணினி மாதிரியில் என் பங்கு இதுதான். எங்கள் குழுத்தலைவி ஹிமேனா திரையை எட்டிப் பார்த்து, "அழகா இருக்கு, யஸ்னா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டார். காலி வாசலைப் பார்த்து நன்றி சொன்னேன்.

ஆகஸ்டில் அமைச்சகத்தில் இதைக் காட்டப்போகிறார். அடுத்த ஐந்து வருடத் திட்டம் இதை வைத்துத்தான்.

மே 30

மதியச் சாப்பாட்டில் எல்லோரும் ஜூனில் குளிர்காலம் தொடங்கியதும் பனிச்சறுக்குக்கு எங்கே போவது என்று பேசினார்கள். தென்கோடியில் எங்கள் ஊரில் பனி என்றால் காலையில் மண்வாரியால் வாசலிலிருந்து தள்ளுவது. சொல்லவில்லை.

ஜூன் 21, கொயாய்க்கே

வீட்டுக்கு வந்தேன். ஏப்ரலில் அம்மாவுக்கும் மின்கணப்பு கிடைத்தது. என் மாதிரியில் இப்போது புகையில்லாத வீடுகளில் இது ஒன்று.

அது கூடத்துச் சுவரில் வெள்ளையாக இருக்கிறது. மேலே ஒட்டிவந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. கூடம் பனிக்கட்டிபோல் கிடக்கிறது. அம்மா, பூனை, ஈரக் காலுறைகள், கெட்டில், எல்லாம் சமையலறை விறகடுப்பைச் சுற்றி.

ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"விருந்தாளி வந்தா போடுவேன்."

"யாரும்மா வந்தாங்க?"

"மாட்டிவிட ஒரு ஆள் வந்தாரே, அவருதான்."

மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு க்ளோரிந்தா சிரித்தாள். "கூடத்துல இருந்த துருப்பிடிச்ச கணப்பைக் குடுத்தோம், புதுசு வாங்குனோம். சமையக்கட்டு அடுப்பைக் குடுக்க எங்களுக்கென்ன கிறுக்கா? அந்த வெள்ளைப் பெட்டி மேலயா ரொட்டி சுடுறது?"

எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

ஜூன் 22

ஒரு வீடு, ஒரு கணப்பு. அதைக் கொடுத்துவிட்டால் புகை பூஜ்யம்.

அந்த வரியை எழுதியது நான். எங்கள் குழுவில், சாந்தியாகோவில் பிறந்த பாஸ்தியான் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினான் என்று விடலாம். நான் பதினெட்டுக் குளிர்காலம் அந்த அடுப்பின் திறந்த கதவில் காலை நீட்டி வீட்டுப்பாடம் எழுதியவள். எழுதும்போது ஞாபகம் வரவில்லையா?

வந்தது. ஒரு நொடி வந்தது. "எங்க வீட்டுல ரெண்டு இருக்கும்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். அதற்காக ஒரு நாட்டுக் கணக்கையே...

ஜூன் 23

அம்மாவிடம் சொன்னேன். மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"வெளிய சொன்னா உன் வேலை போயிருமா?"

"போகலாம்."

"என் அடுப்பைத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

"தெரியலம்மா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை. அவள் ரொட்டிகளைத் தட்டி வரிசையாக அடுக்கி, துணி போட்டு மூடி, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"உள்ளதைச் சொல்லு, கண்ணு. ஆனா நாங்க ஏதோ திருடுன மாதிரி சொல்லிராத. குளிருதுன்னு சொல்லு."

ஜூலை 3, சாந்தியாகோ

சொல்லவில்லை.

ஜூலை 4

இன்றும்.

ஜூலை 5

வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது அடுப்பையும் சேர்த்துக் கணக்கை ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்செடுத்து ஹிமேனாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பழைய கோடு சறுக்குமரம்போல் இறங்குகிறது. புதியது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது.

கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். இது எத்தனை வீட்டில் என்றார்.

"எங்கம்மா வீட்டுல. அப்புறம் பக்கத்து வீட்டுல."

"ரெண்டு வீட்டை வச்சு நான் அங்க போய் நிக்க முடியாது." திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஆறு வாரம் இருக்கு. போய் எண்ணிட்டு வா."

ஜூலை 18, கொயாய்க்கே

கதவைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாசலிலும் பத்து வரை எண்ணுகிறேன். நாற்பத்தொரு வீடுகள் முடிந்தன. முப்பத்தெட்டில் சமையலறை அடுப்பு எரிகிறது. எல்லா வீட்டிலும் மாத்தே கொடுத்தார்கள்.

யாரும் எதையும் ஒளிக்கவில்லை. ஒருவர் என் வெப்பமானியை வாங்கி, அவரே படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் காட்டினார். அடுப்பருகே இருபத்து நான்கு டிகிரி. அங்கே ஏழு. கூரை வழியாக, பலகை இடுக்கு வழியாக எல்லாச் சூடும் போய்விடுகிறது. இந்த வீட்டை மின்கணப்பு என்ன செய்யும்?

முதலில் கூரைக்கும் சுவருக்கும் சூடு வெளியேறாமல் தடுக்கும் உறை, பிறகு கணப்பு என்று கணக்கை மாற்றி ஓட்டிப்பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, சாந்தியாகோ

அமைச்சகம். ஹிமேனா பழைய கோட்டை முதலில் காட்டி, இது தவறு, எங்கள் தவறு என்றார். என் தவறு என்று சொல்லவில்லை. காது சுட்டது.

எதிரே இருந்த அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப அரசாங்கப் பொருளை வாங்கிட்டு மக்கள் ஏமாத்துறாங்க, அதானே?"

ஹிமேனா என் பக்கம் திரும்பினார். எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"இல்ல சார். குளிருது."

அப்புறம் அந்த ஏழு டிகிரியைச் சொன்னேன். யார் யார் அந்த அறையில் படுக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மறுபடி பேனாவைத் திறந்து, கூரை பற்றிக் கேட்டார்.

திட்டத்தில் இன்று கையெழுத்தாகவில்லை. ஒரு வருடம் தள்ளிவைத்து, அதற்குள் ஐம்பது வீடுகளில் உறை போட்டுச் சோதிப்பார்களாம். இன்னும் ஒரு வருடப் புகை. பாஸ்தியான் லிஃப்டில் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 2

அம்மா போனில் கேட்டது ஒன்றுதான். "திருடுன மாதிரி சொல்லலையே?"

இல்லை என்றேன். அன்று சொல்ல முடியாத அந்த 'இல்லை' இன்று பொய்யில்லை.

மார்ச் 11

உறை போடும் ஐம்பது வீடுகளுக்கான குலுக்கலில் எங்கள் தெரு வந்திருக்கிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை. வேலையாட்கள் உத்தரத்துக்கு மேல் பஞ்சு அடைப்பதை அம்மா படம் எடுத்து அனுப்பினாள். பாதிப் படத்தில் அவள் விரல்.

ஆகஸ்ட் 9, கொயாய்க்கே

நேற்று மாலை வந்தேன், அளவெடுக்க.

குளிர்காலம் முழுக்க அம்மா சமையலறைப் பெஞ்சில்தான் படுப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்று காலை எட்டு மணிக்கு, வெளியே இன்னும் இருட்டு, எழுந்து போனால் பெஞ்சு காலி. இரவிலேயே அணைந்துபோன அடுப்பில் வெறும் சாம்பல். பயந்துவிட்டேன்.

தன் அறையில், தன் கட்டிலில், ஒற்றைப் போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வெளியே கிடந்தது. வெப்பமானியை வாசலோரம் வைத்தேன். பதினேழு டிகிரி.

குறித்துக்கொண்டேன். எழுப்பவில்லை.