எண்பத்தாறு கிலோவுக்கு அடித்த காற்று

ஜூலை 3, வியாழன்

இன்று மறுபடியும் சீனுவாசன் சைக்கிள் கடை. திண்டிவனத்தில் லேப் முடிந்து, விழுப்புரம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அங்கேதான் போனேன். சைக்கிளுக்கு முன் ஃபோர்க் மாற்ற வேண்டும் என்றேன். அவர் முதலில் எனக்குப் பின்னால் பார்த்தார், கூட யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

பழைய ஃபோர்க் துருப்பிடித்து இறுகிவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கி மேடு பள்ளத்துக்கு இறங்கி ஏற வேண்டிய அந்த இரண்டு கால்களும் இப்போது வெறும் இரும்புக் குழாய். ஆகஸ்ட் பத்தாம் தேதி அனந்தபுரம் பக்கத்துப் பாறைக்காட்டில் சைக்கிள் பந்தயத்துக்கு மாவட்டத் தேர்வு. பெண்களில் இரண்டு பேரை மட்டும்தான் மாநிலப் போட்டிக்கு எடுப்பார்கள். போன வருஷம் நான் நான்காவது. இந்தக் குழாயோடு போனால் அதுவும் கிடையாது.

சீனுவாசன் ஸ்பிரிங் வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். இந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ ஆளுக்கு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "வூட்ல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா இட்டுக்கினு வாம்மா, பேசிக்கலாம்" என்றார்.

எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். ஊசியை நம்பிக் கையை நீட்டுகிறவர்களில் ஒருவர்கூட உங்கள் வீட்டில் ஜென்ட்ஸ் இருக்கிறார்களா என்று கேட்டதில்லை.

ஜூலை 5, சனி

முடிவு செய்துவிட்டேன். காற்று ஃபோர்க்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட. ஸ்பிரிங் ஃபோர்க் எழுபது எழுபத்தைந்து கிலோ ஆளை நினைத்துச் செய்தது. நான் நாற்பத்தேழு கிலோ. எனக்கு அது அசையாது. காற்று ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று. ஓட்டுகிற ஆளின் எடைக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். இது ஒன்றுக்காகத்தான் வாங்குகிறேன். என் சைக்கிளின் கழுத்துக் குழாய் பழைய அளவு, புதிதாக வருகிற ஃபோர்க் பாதி அதில் நுழையாது. இரண்டு நாள் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். நூறு மில்லிமீட்டர் இறங்கும். சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார் சீனுவாசன்.

கரும்பு டிராக்டர் தடத்தில் ஓட்டிப் பழக இது வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். "உங்கப்பா கரும்பு வெட்டப் போன தடத்துல நீ சைக்கிள் வுட்டுக்கினு போற. ஏன்டி, ஊர்ல ரோடா இல்ல?" என்றாள்.

ஜூலை 16, புதன்

வந்துவிட்டது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அலெக்ஸ் அண்ணன்தான் தன் குட்டியானை வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் மாட்டி வந்தான். நல்ல கறுப்பு. தொடவே மனசு வரவில்லை, அவ்வளவு புதுசு. அண்ணனுக்குத் தானே செய்த மாதிரி பெருமை. "எல்லாம் செட் பண்ணியாச்சு பாப்பா. நீ ஏறி மிதிச்சா போதும்" என்றான். நல்லவன்.

ஜூலை 20, ஞாயிறு

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் முப்பது கிலோமீட்டர். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு ஓட்டியது போல் இருந்தது. ஒவ்வொரு கல்லும் தோள்வரை வந்துவிட்டுப் போனது. புதுசு, அப்படித்தான் இறுக்கமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறான் அண்ணன். இருக்கலாம். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. இதை எழுதும்போதும் பேனா ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்.

ஜூலை 21, திங்கள்

மரப்பு போகவில்லை. ரத்தம் எடுக்கும்போது அந்த இரண்டு விரல்களைத்தான் எதிரில் இருப்பவர் கைமேல் ஊன்றிக்கொள்வேன். ஊன்றியிருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

துரைக்கண்ணு என்று ஒரு பெரியவர், மரக்காணத்திலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்தவர். மூன்று தடவை குத்தினேன். மூன்றாவது தடவை சொன்னார்: "போதும்மா. வேற யாராச்சும் இருந்தா அனுப்பு." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

லேப் மேடம் உள்ளே கூப்பிட்டார். இப்படியே போனால் என்னைப் பதிவு கவுண்டரில் உட்கார வைத்துவிடுவாராம். பேர், வயசு, போன் நம்பர். இதுக்கா படிச்சேன்?

ஜூலை 25, வெள்ளி

மரத்த விரலுக்கு ஊரே வைத்தியம் சொல்கிறது. அம்மா கேப்பைக் கூழ் குடிக்கச் சொல்கிறாள். அண்ணன் தடிமனாக ஒரு கையுறை வாங்கி வந்தான். சீனுவாசனுக்குப் போன் செய்தால், லேடீஸ் கை அப்படித்தான் இருக்கும் என்கிறார். மேடம் என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லி பி12 பார்த்தார். சரியாக இருக்கிறது. சர்க்கரை சரி. தைராய்டு சரி. என்னிடம் எல்லாமே சரி.

ஃபோர்க்கைப் பரிசோதிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே இன்றுதான் தோன்றுகிறது, அதுதான் எரிச்சல்.

ஜூலை 27, ஞாயிறு

விக்கிரவாண்டி டோலைத் தாண்டி டீக்கடையில் புனிதாவைப் பார்த்தேன். போன வருஷத் தேர்வில் இரண்டாவது வந்தவள், இந்த வருஷமும் வருகிறாள். என்னை விசாரிப்பதற்கு முன் என் ஃபோர்க்கை விசாரித்தாள். "இன்னா அன்பு, இவ்ளோ தூரம் கல்லுல வந்திருக்க, வளையம் அடியிலயே கீது?"

ஃபோர்க்கின் ஒரு காலில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பேக்கிங்கில் வந்தது, கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அதுதான் அளவுகோலாம். ஃபோர்க் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். நூறு இறங்க வேண்டிய ஃபோர்க் அத்தனை கல்லுக்கும் நாற்பதுகூட இறங்கவில்லை. மிச்சத்தை என் கைதான் வாங்கியிருக்கிறது.

வளையத்தை அடிக்குத் தள்ளிவிட்டு, ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி உட்காரச் சொன்னாள். அவள் பிடித்துக்கொண்டாள். குதிக்காமல் மெதுவாக இறங்கினேன். ஆள் உட்கார்ந்தாலே வளையம் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் ஏற வேண்டும். ஏறியது ஏழு.

"இது உனக்கு அடிச்ச காத்தே இல்ல" என்றாள் புனிதா. "யாருக்கோ அடிச்சது."

ஜூலை 28, திங்கள்

யாருக்கு என்று இன்று தெரிந்தது.

காற்று எத்தனை அடித்தீர்கள் என்று சீனுவாசனைக் கேட்டேன். மீட்டரில் நூற்றுப் பதினைந்து, எண்பத்தாறு கிலோவுக்குக் கணக்காக அடித்தது என்றார், ஒரு குறையும் சொல்ல முடியாது என்கிற முகத்தோடு. யார் எண்பத்தாறு கிலோ?

"உங்க அண்ணன்தாம்மா. கேட்டுத்தான் அடிச்சேன்."

"ஓட்டுறது நானுங்க."

"பில்லு அவர் பேர்ல இருக்குது."

என் சம்பளத்தில், என் எடைக்காக, நான் தேடிக் கண்டுபிடித்த ஃபோர்க். அதில் அண்ணனை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளாக நான் அவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டேன். எடை கேட்டார், சொன்னேன் என்கிறான். யார் எடை என்று யோசிக்கவில்லையா? யோசிக்கவில்லை. கடையில் நிற்கிற ஆளின் எடைதானே எடை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வேறு நிற்கிறான். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். நல்ல மனசோடு செய்து வைத்திருக்கிறதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அப்படியும் சண்டை போட்டேன்.

ஜூலை 30, புதன்

புனிதா தன் பம்பைக் கொடுத்தாள். ஃபோர்க்குக்கு என்றே வருகிற சின்னக் கைப்பம்பு, மீட்டர் வைத்தது.

ஃபோர்க்கின் பின்பக்கம் எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அது ஐம்பத்தைந்து கிலோவில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உலகத்தில் ஆளே கிடையாது போல. நான், அம்மா, லேப்புக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர், யாரும் இல்லை. சரி, இல்லாதவளே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

தண்ணீர்ப் பையோடு நான் ஐம்பது கிலோ. அம்மாவைப் பிடிக்கச் சொல்லி ஏறி ஏறி இறங்கினேன். காற்று அறுபதில் வளையம் பதினைந்து. ஐம்பத்திரண்டில் பத்தொன்பது. நாற்பத்தைந்தில் இருபத்து மூன்று. நிறுத்தினேன். வளையம் நின்ற இடத்தில் லேப் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.

அடியில் ஒரு சிவப்புத் திருகு இருக்கிறது. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு. ஒரு பக்கம் ஆமை படம், ஒரு பக்கம் முயல். சீனுவாசன் ஆமையின் கடைசிக்குத் திருகி வைத்திருந்தார். காற்று குறைந்தால் அவ்வளவு தூரம் அடக்கி வைக்கத் தேவையில்லை. முயல் பக்கம் ஐந்து கிளிக் நகர்த்தினேன். அம்மா பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே பிடித்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அதே தடம், அதே கல். பத்து விரலும் இருக்கிறது. வளையம் எண்பத்தெட்டு வரை ஏறியிருந்தது. கோபப்பட ஒன்றுமே கிடைக்காத நாள்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்கு. அண்ணன் இப்போதே சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் படு என்கிறான். படுக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவத்துல எழுத வரல. ஆனா எழுதணும்.

பதினோரு பேர். விசிலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஏறி உட்கார்ந்தேன். முன்பக்கம் இறங்கவில்லை. உடம்புக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தால் வளையம் கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அண்ணனைப் பார்த்தேன். ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"கயிறு கட்டும்போது பொதுக்குன்னு அமுங்குச்சு பாப்பா. காத்து எறங்கிப் போச்சு. அந்தப் பம்ப எடுத்து நல்லா அடிச்சு வெச்சிட்டேன்."

நல்லா அடிச்சு வெச்சிட்டானாம். பம்பு வீட்டில்.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினேன். வால்வு மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற முள்ளை அழுத்திக் காற்றை விட்டேன். மீட்டர் இல்லாவிட்டால் என்ன, கோடு இருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டு முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் பிடிக்கச் சொன்னேன். ஏறினேன், இறங்கினேன், பார்த்தேன். பதினொன்று. மறுபடி விட்டேன். பதினாறு.

விசில் அடித்துவிட்டார்கள். பத்துப் பேரும் போய்விட்டார்கள். நான் நகரவில்லை.

"பாப்பா, எல்லாரும் போறாங்க. போ!"

"புடிண்ணா."

அவன் பிடித்தான். சைக்கிள் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து ஓட்டுகிறாயா இல்லையா என்று கேட்டார். ஹேர்பின்னை மறுபடி அழுத்தினேன். இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கின பிறகுதான் வளையம் கோட்டைத் தொட்டது. அப்புறம் போனேன்.

மூன்று சுற்று. எட்டுப் பேரைத் தாண்டினேன். பாறை இறக்கத்தில் மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தில் நான் பிடிக்கவில்லை. அந்த ஃபோர்க் எனக்குக் கீழே அவ்வளவு நன்றாக வேலை செய்தது. புனிதா முதலாவது. இரண்டாவது வந்த பெண்ணின் முதுகைக் கடைசி இறக்கத்தில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது. அவளுக்குப் பதினாறு வினாடி பின்னால்.

புனிதா வீட்டுக்காரர் செல்போனில் எடுத்ததைப் பார்த்தேன். விசிலுக்குப் பிறகு நான் ஐம்பது வினாடி நின்றிருக்கிறேன். அப்படியே ஓட்டியிருந்தால்? ஒன்பதாவது வந்திருப்பேன், விரலும் போயிருக்கும். நின்றது சரிதான். நிற்க வைத்ததுதான் தப்பு. ஐம்பது வினாடியில் பதினாறு போனால் எவ்வளவு என்று அண்ணனுக்கும் தெரியும். திரும்பும்போது நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்காரவில்லை, பின்னால் சைக்கிளோடு உட்கார்ந்து வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஒரே குத்து. மேடம் கவுண்டர் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் அண்ணனோடு நான் பேசவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா தூது வந்தாள். "நல்லதுக்குத்தானடி செஞ்சான்."

ஆமாம், நல்லதுக்குத்தான். கடைக்காரர் நல்லதுக்குத்தான் கணக்காக அடித்தார். அண்ணன் நல்லதுக்குத்தான் மாட்டி வந்தான், நல்லதுக்குத்தான் காற்றை நிரப்பினான். யாரும் கெட்டது செய்யவில்லை, அதனால் நான் யார்மேலும் கோபப்படக் கூடாது. அப்ப என் ரெண்டாவது எடம் எப்படிம்மா போச்சு? தானா போச்சா?

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் கத்தியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லேப்பில் நிற்க இடமில்லாத கூட்டம். பையில் போன் மூன்று தடவை அதிர்ந்தது. அண்ணன். ஒன்பது நாளாகப் பேசாதவன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறான் என்றால் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்து, கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அன்பு, இங்க மழை வர்ற மாதிரி இருக்குது. உன் சைக்கிள் வெளிய நிக்குது." அப்புறம் தயங்கிக் கேட்டான்: "உள்ள தள்ளி வெக்கட்டுமா?"

இதையெல்லாமா போன் போட்டுக் கேட்பார்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வைண்ணா என்றேன்.

"எங்க புடிச்சித் தள்ளணும்?" என்று கேட்டான்.

சீட்டைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன்.